நைரோபியில் பங்கு வாங்கலாமா? ஒரு திருப்பூர் வாசகருக்குப் பதில்

கேள்வி: எனக்கு 61 வயது. 2011 முதல் 2019 வரை கென்யாவில், நைரோபியை ஒட்டிய அத்தி ரிவர் ஏற்றுமதி மண்டலத்தில், ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக வேலை பார்த்தேன். திரும்பி வரும்போது அங்குள்ள வங்கியில் 14 லட்சம் ஷில்லிங்கை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அதற்கப்புறம் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை. நான் போன புதிதில் சஃபாரிகாம் என்ற மொபைல் கம்பெனியின் பங்கு 3, 4 ஷில்லிங்குக்குக் கிடைத்தது. வாங்காமல் விட்டது இன்றுவரை உறுத்துகிறது. இப்போது சில பங்குகள் 7 சதவீதம் வரை டிவிடெண்ட் (ஈவுத்தொகை) தருவதாக அங்குள்ள நண்பர்கள் சொல்கிறார்கள். வங்கியில் கிடக்கும் பணத்தோடு இங்கிருந்து 15 லட்ச ரூபாயும் அனுப்பிப் பங்கு வாங்கலாமா என்று யோசிக்கிறேன். நைரோபி பார்க்லேண்ட்ஸில் இருக்கும் என் நண்பர் கென்யக் குடிமகன். அவர் பெயரில் வாங்கினால் டிவிடெண்ட் வரி 5 சதவீதம்தான், என் பெயரில் வாங்கினால் 15 என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் இரண்டு பணம் இருக்கிறது. ஒன்று நைரோபியில் கிடக்கும் 14 லட்சம் ஷில்லிங். இன்னொன்று திருப்பூரில் இருக்கும் 15 லட்ச ரூபாய். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி யோசிக்கிறீர்கள். சட்டமும் சரி, ஆபத்தும் சரி, இரண்டுக்கும் வேறு வேறு. முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் விவரமாகச் சொல்கிறேன். அங்கே இருக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பங்கில் போடலாம். இங்கிருந்து 15 லட்சத்தை இப்போது அனுப்ப வேண்டாம். நண்பர் பெயரில் ஒரு பங்குகூட வாங்க வேண்டாம்.

நண்பர் விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் சொல்லும் வரி விகிதம் சரிதான். கென்யாவில் உள்ளூர்க்காரருக்கு டிவிடெண்டில் 5 சதவீதமும், வெளிநாட்டில் வசிப்பவருக்கு 15 சதவீதமும் பிடிக்கிறார்கள். ஆனால் இந்தியாவுக்கும் கென்யாவுக்கும் இடையே இரட்டை வரி விலக்கு ஒப்பந்தம் இருக்கிறது. 2016இல் புதிதாகக் கையெழுத்தாகி, 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி டிவிடெண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. நம் வருமான வரித் துறையிடம் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்ற சான்றிதழை வாங்கி, அந்த நிறுவனத்தின் பங்குப் பதிவாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் 15 பிடித்துவிடுவார்கள். அதில் 10க்குத்தான் இங்கே கழிவு கேட்க முடியும், மீதி 5 போனது போனதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 15 லட்சத்துக்கு 7 சதவீதம் டிவிடெண்ட் என்றால் வருடத்துக்கு 1,05,000 ரூபாய். ஒப்பந்தப்படி 10 சதவீதம் கட்டுவதற்கும், நண்பர் பெயரில் 5 சதவீதம் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் 5,250 ரூபாய். அதற்காக 15 லட்சத்தை இன்னொருவர் பெயரில் எழுதி வைக்கப் போகிறீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்தப் பங்கு உங்களுடையது என்று அவர் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அவருக்குக் கடன் வந்தால் கடன்காரர் பார்வையில் அது அவர் சொத்து. நம் சட்டத்தின் பார்வையிலோ பணம் போட்டவர் நீங்கள் என்பதால் அது உங்கள் சொத்து. வருமான வரிக் கணக்கில் காட்டியே ஆக வேண்டும். காட்டினால் ஏன் அவர் பெயரில் என்று கேட்பார்கள், காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டம். அதனால் இந்த யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள். நண்பரிடம் கேட்க வேறு நல்ல உதவி ஒன்று இருக்கிறது.

அது உங்கள் பழைய கணக்கு பற்றியது. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி, 'அந்தக் கணக்கைத் தொடவே இல்லை' என்பதுதான். கென்யாவில் உரிமை கோரப்படாத நிதிச் சொத்துகளுக்கு 2011இல் தனிச் சட்டம் போட்டு, ஒரு ஆணையமே வைத்திருக்கிறார்கள். வங்கிக் கணக்கை 5 வருடம் யாரும் தொடவில்லை என்றால், வங்கி அந்தப் பணத்தை ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். நீங்கள் 2019இல் வந்தவர். 5 வருடம் தாண்டிவிட்டது. பயப்பட வேண்டாம், பணம் போய்விடாது. உரியவர் விண்ணப்பித்தால் திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் பணம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பங்கு வாங்குவதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கணக்கு செயலற்றுக் கிடக்கிறதா, ஆணையத்துக்குப் போய்விட்டதா என்று வங்கிக்கு எழுதிக் கேளுங்கள். நண்பரை அந்தக் கிளைக்கு நேரில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். அங்கே நீங்கள் வைத்திருந்த சிம் கார்டு இப்போது வேறு யாரிடமோ இருக்கக்கூடும். வங்கியின் ரகசிய எண் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் போகும். அதையும் மாற்ற வேண்டும்.

கே.ஆர்.ஏ. பின் நம்பரையும் மறந்துவிடாதீர்கள், கென்ய வருவாய் ஆணையம் தரும் வரி எண் அது. அங்கே சம்பளம் வாங்கியவர் என்பதால் உங்களிடம் ஒன்று இருக்கும். அந்த பின் நம்பர் உயிரோடு இருந்தால், வருமானமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் ஜூன் 30க்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் வருடத்துக்கு 2,000 ஷில்லிங் அபராதம் ஏறிக்கொண்டிருக்கும். பெரிய தொகை கிடையாது. ஆனால் பங்குக் கணக்கு திறக்கும்போது இந்தப் பாக்கி தலைகாட்டும். முதலிலேயே தீர்த்துவிடுங்கள்.

இங்கேயும் ஒரு வேலை பாக்கி. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவருக்கு முதல் இரண்டு மூன்று வருடம் வருமான வரியில் ஒரு இடைநிலைச் சலுகை உண்டு. அது முடிந்ததும் வெளிநாட்டு வங்கிக் கணக்கை வரிக் கணக்கில் அதற்கென்று உள்ள அட்டவணையில் காட்ட வேண்டும். நீங்கள் காட்டினீர்களா என்று எழுதவில்லை. காட்டாமல் விட்டிருந்தால் உடனே உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள். விட்டதற்கு வருடத்துக்கு 10 லட்ச ரூபாய் அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அக்டோபர் 2024 முதல், வீடு நிலம் நீங்கலாக வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். உங்கள் 14 லட்சம் ஷில்லிங் ஏறக்குறைய ஒன்பதரை லட்ச ரூபாய் வரும். வரம்புக்குள் இருக்கிறது. 15 லட்சத்தை அனுப்பினால் மொத்தம் 24 லட்சத்தைத் தாண்டி, அந்தப் பாதுகாப்பிலிருந்து நீங்களே வெளியே வந்துவிடுவீர்கள். அபராதம் இல்லை என்பதற்காகக் காட்டாமலும் இருக்கக் கூடாது. காட்டித்தான் ஆக வேண்டும்.

சரி, இந்த இரண்டு பணத்துக்கும் சட்டத்தில் என்ன வித்தியாசம்? அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 6(4) பிரிவு, வெளிநாட்டில் வசித்த காலத்தில் அங்கே சம்பாதித்துச் சேர்த்ததை, திரும்பி வந்த பிறகும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அதை அங்கேயே வேறு முதலீட்டில் போடவும் ரிசர்வ் வங்கியிடம் தனி அனுமதி வேண்டாம். உங்கள் ஷில்லிங் இந்த வகை. இங்கிருந்து அனுப்பும் ரூபாய் அப்படியில்லை. அது எல்.ஆர்.எஸ். என்ற, தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கித் திட்டத்தின் வழியில்தான் போக வேண்டும். வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம் என்பதால் உங்களுக்கு வரம்பு பிரச்சினை இல்லை. ஆனால் முதலீட்டுக்கு அனுப்பும்போது 10 லட்ச ரூபாய்க்கு மேல் போகும் தொகையில் 20 சதவீதத்தை வங்கி வரியாகப் பிடித்துக்கொள்ளும். 15 லட்சம் அனுப்பினால் 1 லட்சம் முடங்கும். பிறகு வரிக் கணக்கில் கழித்தோ திரும்பவோ பெறலாம், ஆனால் மாதக்கணக்காகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சர்வதேசப் பணமோசடித் தடுப்புக் குழு 2024 பிப்ரவரியில் கென்யாவைக் கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. அதனால் அனுப்பத் தடை வந்துவிடவில்லை. ஆனால் உங்கள் வங்கிக் கிளையில் அமெரிக்காவுக்கு அனுப்புபவரிடம் கேட்காத கேள்விகளை எல்லாம் உங்களிடம் கேட்பார்கள்.

இனி சந்தைக்கு வருவோம். நைரோபி பங்குச் சந்தை 1954இல் தொடங்கியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இதுதான் பெரியது. அங்குள்ளவர்களும் இதை என்.எஸ்.இ. என்றுதான் சொல்வார்கள். நம் ஊர் என்.எஸ்.இ.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அளவில் இரண்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவை இல்லை. நைரோபியில் பட்டியலிடப்பட்டவை சுமார் 60 நிறுவனங்கள். அதிலும் தினமும் நல்லபடியாக வியாபாரம் ஆவது விரல் விட்டு எண்ணக்கூடியவை: சஃபாரிகாம், ஈக்விட்டி, கே.சி.பி., கோ-ஆபரேட்டிவ் என்ற மூன்று வங்கிகள், ஈஸ்ட் ஆப்பிரிக்கன் புரூவரீஸ், இப்படிச் சில. சில வருடங்களில் சந்தையின் மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் சஃபாரிகாம் ஒன்றே இருந்திருக்கிறது. மற்ற பல பங்குகளில், நீங்கள் விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆளே இருக்க மாட்டார்கள். திரையில் ஒரு விலை தெரியும். அது போன வாரம் யாரோ 200 பங்கு விற்ற விலையாக இருக்கும்.

சஃபாரிகாம் பற்றி உங்கள் உறுத்தல் எனக்குப் புரிகிறது. மொபைலிலேயே பணம் அனுப்பும் அதன் எம்-பெசா சேவை 2007இல் வந்தது. நீங்கள் அங்கே இருந்த வருடங்களில்தான் டீக்கடையிலிருந்து வீட்டு வாடகை வரை எல்லாமே அதில் ஓடத் தொடங்கியது. கண்ணெதிரே வளர்ந்ததை விட்டுவிட்டோம் என்ற எண்ணம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கதையின் மறுபாதியையும் கேளுங்கள். 2008இல் 5 ஷில்லிங்குக்கு அரசு பங்கை விற்றபோது ஊரே வரிசையில் நின்றது. பலர் கடன் வாங்கிப் போட்டார்கள். அடுத்த சில வருடங்கள் பெரும்பாலும் விலை 5க்குக் கீழேதான் கிடந்தது. நீங்கள் பார்த்த 3, 4 ஷில்லிங் அந்த ஏமாற்றத்தின் விலை. அன்றைக்கு அதை வாங்கச் சொல்லும் குரலை விட விற்றுத் தொலைக்கச் சொல்லும் குரல்தான் அதிகம் இருந்திருக்கும்.

அப்புறம் ஏறியது. 2021 ஆகஸ்ட் வாக்கில் 44 ஷில்லிங்கைத் தொட்டது. அப்போது ஒரு டாலருக்கு 110 ஷில்லிங். அந்த நேரத்தில் ஒருவர் 1 லட்சம் ஷில்லிங்குக்கு வாங்கியிருந்தால், அவர் கையிலிருந்து போனது ஏறக்குறைய 67,000 ரூபாய். 2024 ஜனவரிக்கு வாருங்கள். பங்கு 13 ஷில்லிங்கைச் சுற்றி நின்றது. டாலருக்கு ஷில்லிங் 160. அவர் விற்றிருந்தால் கைக்கு வந்திருப்பது சுமார் 15,000 ரூபாய். பங்கு விலை 70 சதவீதம் விழுந்தது, ரூபாயில் பார்த்தால் 77 சதவீதம் போயிற்று. நைரோபியில் இருப்பவருக்கு ஒரு நஷ்டம். உங்களைப் போல வெளியே இருந்து போடுபவருக்கு இரண்டு நஷ்டம் ஒன்றன்மேல் ஒன்று.

இது அப்படியே திரும்பியும் நடந்தது. 2024 ஜூனில் கென்யா 200 கோடி டாலர் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. கட்டுமா கட்டாதா என்ற பயத்தில்தான் ஷில்லிங் அவ்வளவு சரிந்தது. பிப்ரவரியில் 150 கோடி டாலருக்குப் புதிய கடன் எடுத்து, பழைய கடனின் பெரும்பகுதியை அரசு முன்கூட்டியே வாங்கிக்கொண்டதும் பயம் விலகியது. சில வாரங்களிலேயே ஷில்லிங் 130 பக்கம் வந்தது. அந்த வருடம் ஆகஸ்டிலிருந்து 129ஐ ஒட்டியே நிற்கிறது. சஃபாரிகாமும் 2025 நடுவில் 25 ஷில்லிங்கை எட்டியது. 2024 ஜனவரியில் துணிந்து வாங்கியவருக்கு இரண்டு லாபமும் சேர்ந்து கிடைத்தது. ஆனால் அந்த ஜனவரியில் உங்களுக்கு யாராவது வாங்கச் சொல்லி எழுதினார்களா? இப்போது எல்லாம் ஏறிய பிறகுதான் எழுதுகிறார்கள்.

இன்னொரு விஷயம். இன்று நீங்கள் வாங்கும் சஃபாரிகாம், அன்று நீங்கள் பார்த்த சஃபாரிகாம் இல்லை. 2022 அக்டோபரில் எத்தியோப்பியாவில் சேவையைத் தொடங்கி, அங்கே பெரிய பணத்தை இறக்கியிருக்கிறார்கள். 2024 ஜூலை கடைசியில் எத்தியோப்பியா தன் பிர் நாணயத்தைச் சந்தை விலைக்கு விட்டது. சில மாதங்களில் அதன் மதிப்பு பாதிக்கு மேல் போனது. அந்த அடி சஃபாரிகாமின் கணக்கிலும் விழுந்தது. வாங்குவது தவறு என்று சொல்லவில்லை. நைரோபியை நம்பி வாங்குபவர் அடிஸ் அபாபாவையும் சேர்த்து வாங்குகிறார் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

டிவிடெண்ட் 7 சதவீதம் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. சிகரெட் கம்பெனியான பி.ஏ.டி. கென்யா 2023க்கும் 2024க்கும் பங்குக்கு 50 ஷில்லிங் கொடுத்தது. ஈக்விட்டி வங்கி 2023க்கு 4 ஷில்லிங் கொடுத்தது. ஆனால் அதே 2023க்கு கே.சி.பி., நாட்டின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்று, நல்ல லாபம் காட்டியும் ஒரு ஷில்லிங்கூடக் கொடுக்கவில்லை. மூலதனத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய நிலை அதற்கு. டிவிடெண்டை நம்பி மாதச் செலவைத் திட்டமிடும் வயதில் இருக்கும் உங்களுக்கு அப்படி ஒரு வருடம் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து வைக்க வேண்டும். உங்கள் மொத்த வருமானம் இங்கே வரி கட்டத் தேவையில்லாத அளவில் இருந்தால், கென்யாவில் பிடித்த வரிக்குக் கழிவு எடுக்க இங்கே வரியே இருக்காது. அந்த 10 சதவீதம் முழுச் செலவுதான். பங்கை விற்று வரும் லாபத்துக்கு, பட்டியலிட்ட பங்கு என்றால், கென்யாவில் மூலதன ஆதாய வரி இல்லை. இந்தியாவில் உண்டு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் வழக்கமான வரி விகிதம்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது விலை ஏற்ற இறக்கம் இல்லை. வெளியே வரும் வழி. கென்யா ஏர்வேஸ் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு அந்த நிறுவனத்தை மீண்டும் தன் கைக்கு எடுக்கப் போகிறது என்ற பேச்சில் 2020 ஜூலையில் பங்கு வியாபாரத்தை நிறுத்தி வைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். மறுபடி தொடங்கியது 2025 ஜனவரியில். நாலரை வருடம். அந்தப் பங்கு வைத்திருந்தவருக்கு மகள் கல்யாணமோ மருத்துவச் செலவோ வந்திருந்தால், கையில் காகிதம் இருந்திருக்கும், பணம் இருந்திருக்காது. மூமியாஸ் சர்க்கரை ஆலை 2019இல் கடன்காரர் கைக்குப் போனது. ஒரு காலத்தில் சிறு முதலீட்டாளர்கள் விரும்பி வைத்திருந்த பங்கு அது.

பங்கை விற்றுவிட்டாலும் டாலர் கிடைக்க வேண்டும். கென்யாவில் 1995 முதல் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இல்லை. பணத்தை வெளியே கொண்டுபோகச் சட்டம் தடுக்காது. ஆனால் 2023இல் சட்டம் அனுமதித்தும் வங்கிகளிடம் டாலர் இல்லை. அளந்து அளந்துதான் கொடுத்தார்கள். பெட்ரோல், டீசல் வாங்கவே டாலர் போதாமல், வளைகுடா நிறுவனங்களிடம் 180 நாள் கடனுக்கு எண்ணெய் வாங்கும் ஏற்பாட்டுக்கு அரசு போனது. இப்போது அந்த நெருக்கடி இல்லை. ஆனால் மறுபடி வராது என்று எந்த வங்கி மேனேஜரும் எழுதிக் கொடுக்க மாட்டார்.

புரோக்கரைத் தேர்ந்தெடுப்பது இதே அளவு முக்கியம். கோவையில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பம்பு ஏற்றுமதி செய்பவர். வியாபாரப் பழக்கத்தில் தெரிந்த ஒரு புரோக்கர் மூலம் அங்கே பங்கு வாங்கினார். விற்கச் சொன்னபோது மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. அவர் கணக்கைப் பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், கையெழுத்து மாதிரி பொருந்தவில்லை, பாஸ்போர்ட் காலாவதி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பணம் வந்து சேர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் அவர் எனக்குப் போன் செய்யாத வாரம் இல்லை. வாங்கும் முன் அந்த புரோக்கரைப் பற்றி நான் அவரிடம் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

அங்கே 2007க்கும் 2009க்கும் இடையில் பிரான்சிஸ் துவோ, நியாகா, டிஸ்கவுண்ட் செக்யூரிட்டீஸ் என்று மூன்று புரோக்கர் நிறுவனங்கள் அடுத்தடுத்து விழுந்தன. நியாகாவின் வாடிக்கையாளர்களுக்கு இழப்பீட்டு நிதியிலிருந்து தலைக்கு 50,000 ஷில்லிங் வரைதான் கிடைத்தது. அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் இறுகியிருக்கின்றன, உண்மை. ஆனாலும் சிலவற்றை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். கென்யாவின் மூலதனச் சந்தை ஆணையம் வெளியிடும் உரிமம் பெற்றவர் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெரிய வங்கியின் துணை நிறுவனமாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அவர்கள் மூலமாக உங்கள் பெயரில் சி.டி.எஸ். கணக்கு திறக்க வேண்டும், நம் டீமேட் போல. புரோக்கர் அனுப்பும் கணக்கு அறிக்கையோடு நிற்காமல், எல்லோருடைய பங்குக் கணக்கையும் வைத்திருக்கும் மத்திய டெபாசிட்டரியிலிருந்து நேரடியாக அறிக்கை வரும்படி உங்கள் மின்னஞ்சலைப் பதிந்துவையுங்கள். பங்கு உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதற்கு அதுதான் சாட்சி. பணத்தை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கு மட்டுமே அனுப்புங்கள். 'சீக்கிரம் முடியும், என் எம்-பெசாவுக்குப் போடுங்கள்' என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாங்கும்போது ஒன்றரையிலிருந்து இரண்டு சதவீதம் வரை கமிஷனும் கட்டணமும் போகும், விற்கும்போதும் அதே அளவு. அடிக்கடி வாங்கி விற்கும் பழக்கம் அங்கே கட்டுப்படியாகாது.

உங்கள் நண்பர்கள் அரசாங்கக் கடன் பத்திரமான பாண்டைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள். 2024 பிப்ரவரியில் எட்டரை வருட உள்கட்டமைப்பு பாண்டு ஒன்றை 18.46 சதவீதத்துக்கு ஏலம் விட்டார்கள். 7,000 கோடி ஷில்லிங் கேட்ட அரசு 24,000 கோடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. அப்போது மத்திய வங்கியின் வட்டி 13 சதவீதம். பிறகு அதைப் படிப்படியாக நிறையக் குறைத்துவிட்டார்கள். அந்த 18 இப்போது கிடைக்காது. ஆனால் அரசு குறுகிய காலத்துக்கு வாங்கும் கடனான டிரஷரி பில் உங்களைப் போன்றவருக்குப் பங்கை விடப் பொருத்தமானது. 91 நாளில் பணம் திரும்பிவிடும். மத்திய வங்கியிடமே நேரடியாக வாங்கும் வழியும் இருக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கு அது கிடைக்குமா என்று உங்கள் வங்கியிடம் கேளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். கணக்கை உயிர்ப்பித்ததும், முதல் வேலையாக 1 லட்சம் ஷில்லிங்கைத் திருப்பூர் வங்கிக் கணக்குக்கு வரவழைப்பேன். எத்தனை நாள் ஆகிறது, என்னென்ன காகிதம் கேட்கிறார்கள், மாற்று விகிதத்தில் எவ்வளவு போகிறது என்பது அப்போதுதான் தெரியும். அது ஒழுங்காக வந்து சேர்ந்தால், இன்னும் 5 லட்சத்தை ஊருக்கே கொண்டுவந்துவிடுவேன். ஷில்லிங் 129இல் அமைதியாக நிற்கும் காலம் பணத்தை வெளியே எடுக்க நல்ல காலம். அது ஆடத் தொடங்கிய பிறகு எல்லோரும் ஒரே கதவில் நிற்பார்கள். 4 லட்சத்தை டிரஷரி பில்லில் வைப்பேன். மீதி 4 லட்சத்துக்கு, தினமும் நன்றாக வியாபாரம் ஆகும் மூன்று நாலு பங்குகளை, ஒரே நாளில் இல்லாமல் ஆறேழு மாதத்தில் பிரித்து வாங்குவேன். ஒரு டிவிடெண்ட் கைக்கு வரட்டும், ஒரு சின்ன விற்பனை முடிந்து அந்தப் பணமும் ஊருக்கு வரட்டும். இந்தச் சுற்று ஒருமுறை முழுதாக முடிந்த பிறகு, அந்த 15 லட்சத்தைப் பற்றி மறுபடி எழுதுங்கள், பேசுவோம். அது ஓய்வுக்காலப் பணம் என்றால் அப்போதும் என் பதில் மாற வாய்ப்பு குறைவு.

மற்ற சந்தைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள் என்பதால் ஒரு வரி. தார் எஸ் சலாம், கம்பாலா, கிகாலி மூன்றும் நைரோபியை விடச் சிறியவை. 2025 ஜனவரியில் தொடங்கிய எத்தியோப்பியச் சந்தை நேற்றுப் பிறந்த குழந்தை. உங்களுக்கு அந்த ஊர்களோடு பழக்கமும் இல்லை. இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

கடைசியாக, உங்கள் மனைவிக்கு இதெல்லாம் தெரியுமா? கென்யாவில் உள்ள பங்கும் வங்கிப் பணமும் நம் ஊர் போல நாமினி பெயரைக் காட்டியதும் எளிதாக மாறிவிடாது. இங்கே நீதிமன்றத்தில் வாரிசு உத்தரவு வாங்கி, அதை அங்குள்ள நீதிமன்றத்தில் மறுமுத்திரை போட வேண்டிவரும். வக்கீல் செலவும் அலைச்சலும் உண்டு. சி.டி.எஸ். கணக்கைத் திறக்கும்போதே அவரையும் கூட்டுப் பெயராகச் சேர்க்க முடியுமா என்று புரோக்கரிடம் கேளுங்கள். வங்கியின் பெயர், கிளை, கணக்கு எண், கே.ஆர்.ஏ. பின் நம்பர், பார்க்லேண்ட்ஸ் நண்பரின் தொலைபேசி எண், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றைக்கே அவரிடம் சொல்லிவையுங்கள். வங்கிக்குப் போக வேண்டிய கடிதத்தையும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.